நல்ல அறிவியல் வீடியோ தேட ஒரு கடலூர்க்காரன் வழி

அறிவியல் வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை, போனை எடுத்தால் கொட்டுகிறது. அதில் எது உருப்படி, எது வெறும் சத்தம் என்று பிரிப்பதுதான் பெரும்பாடு. தேவனாம்பட்டினம் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வீடியோ பொறுக்கிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்து சில வருஷம் ஆகிறது. அண்ணா என்று பிள்ளைகளும் தம்பி என்று அவர்களைக் கூப்பிட வரும் அம்மாக்களும் ஆரம்பித்து, கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தச் சேனல் நல்ல சேனல்? நாலு பேரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சேனல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருஷம் ஒழுங்காகப் பாடம் எடுத்தவர், வியூஸ் குறைந்ததும் இந்த வருஷம் "நாசா மறைத்த ரகசியம்" என்று இறங்கிவிடுகிறார். அதனால் பெயர்களைப் பின்னால் சொல்கிறேன், முதலில் எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

தெரிந்த விஷயத்தில் உரசிப் பாருங்கள்

கருந்துளையைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினால், சரியாகச் சொல்கிறாரா கதை விடுகிறாரா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. அதில் நமக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. ஆனால் சுனாமியைப் பற்றியோ புயலைப் பற்றியோ பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றியோ ஒருவர் உளறினால், கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கும் அக்காவே பிடித்துவிடுவார். ஆகவே புதுச் சேனல் ஒன்று பிடித்துப்போனால் கருந்துளையை ஓரமாக வையுங்கள். தேடும் இடத்தில் அந்தச் சேனலின் பெயரோடு நம் ஊர்ச் சமாச்சாரம் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நமக்குத் தெரிந்த விஷயத்திலேயே ஏனோதானோ என்று இருப்பவர், தெரியாத விஷயத்தில் மட்டும் கவனமாக இருப்பார் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

நான் எடுத்ததும் போடும் சொல் சுனாமி. அதில் மூன்று இடத்தில் பார்ப்பேன்.

முதலாவது படம். "2004 சுனாமி, தமிழ்நாடு" என்று எழுதிப்போட்டுவிட்டு ஓடும் காட்சியில் கறுப்புத் தண்ணீர் கார்களையும் மரவீடுகளையும் அடித்துக்கொண்டு வருகிறதா? அது பெரும்பாலும் 2011 மார்ச் 11 ஜப்பான். கடைப் பலகையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும். முன்பக்கம் நீண்டு வளைந்த, பின்னால் நீளக் கம்பியில் மோட்டார் மாட்டிய மரப்படகு வந்தால் அது தாய்லாந்து. நம் கரையில் கிடக்கும் ஃபைபர் படகும் கட்டுமரமும் எப்படி இருக்கும் என்று இங்கே நாலாவது படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். படத்தை எங்கிருந்து எடுத்தோம் என்றுகூடப் பார்க்காதவர், எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று எப்படி நம்புவது?

இரண்டாவது வேகம். "மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கரையில் மோதியது" என்று சொன்னால் அந்த ஆள் எங்கேயோ படித்ததைப் பாதியில் விட்டிருக்கிறார். சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் போட்டால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 4000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 198, அதாவது மணிக்கு 700 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது நொடிக்கு 10 மீட்டர்தான், மணிக்கு 36 கி.மீ. வேகம் குறையக் குறைய அலை உயரும், அழிவு அங்கிருந்துதான் வருகிறது. பத்தாவது பிள்ளைகள் இதைப் போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்தது ஏறக்குறைய 6.29 மணிக்கு. அங்கிருந்து கடலூர் சுமார் 2000 கி.மீ. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பது ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கணக்கும் அனுபவமும் ஒத்துப்போகின்றன, பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இதில் தப்பாகச் சொன்னால் உயிர் போகும். "சுனாமிக்கு முன்னால் கடல் கட்டாயம் உள்வாங்கும்" என்று அடித்துச் சொல்லும் வீடியோவை நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. 2004இல் கடலடித் தரை ஒரு பக்கம் எழும்பியது, இன்னொரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கம் கிழக்கே இருந்ததால் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது, மேற்கே நம் பக்கமும் இலங்கைப் பக்கமும் முதலில் வந்தது அலையின் மேடு. இரண்டு அலைக்கு நடுவே கடல் உள்ளே போனதைப் பார்த்தவர்கள் இங்கேயும் உண்டு. ஆக, கடல் உள்வாங்கினால் ஓடு என்பது சரி, உள்வாங்கவில்லையே என்று நிற்பது மகா தப்பு. நல்ல வீடியோ இந்த இரண்டையும் சொல்லும். ஹைதராபாதில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் இருக்கும் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கூடுதலாக ஒரு மதிப்பெண் போடுவேன்.

சண்டை நடந்த விஷயத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

இதற்கு நம்ம பிச்சாவரத்தைவிடப் பொருத்தமான பரீட்சை கிடையாது. "அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்து நிறுத்தியது" என்று எத்தனை வீடியோ இருக்கிறது என்று எண்ண முடியாது. இதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2005இல் சயன்ஸ் இதழில் கடலூர் மாவட்டத்துக் கடற்கரையை வைத்தே ஒரு கட்டுரை வந்தது, மரங்கள் இருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று. அதே வருஷம் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்திலிருந்தும் பக்கத்துக் குப்பங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டை ஆய்வின் எண்களையே எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். குப்பம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதை வைத்தே பெரும்பகுதி விளங்கிவிடுகிறது, மரத்துக்கு என்று தனியாகச் சொல்ல மிச்சம் ரொம்ப இல்லை என்றார்கள்.

இரு தரப்பும் படித்தவர்கள், ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இந்த வாதத்தை ஒரு நிமிஷமாவது தொட்டுப் போகும் வீடியோ எடுத்தவர் நிஜமாகவே படித்திருக்கிறார் என்று அர்த்தம். "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று மொட்டையாக ஆரம்பித்து "இயற்கை அன்னை காத்தாள்" என்று முடிப்பவர் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். அலையாத்திக் காட்டைக் காப்பாற்ற வேறு நூறு காரணம் உண்டு, மீன்குஞ்சு வளர்வது ஒன்றே போதும். அதற்காக ஆய்வை வளைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். வெரிட்டாசியம் சேனல் நடத்தும் டெரிக் முல்லர் 2021இல் ஒரு கேள்வி போட்டார். பல்பும் சுவிட்சும் ஒரு மீட்டர் தூரத்தில், ஒயர் மட்டும் ஒளி ஒரு நொடியில் போகும் அளவுக்கு நீளம். சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும்? ஒரு நொடி ஆகாது, கிட்டத்தட்ட உடனே எரியும் என்று அவர் சொன்ன பதிலுக்கு மின்பொறியாளர்கள் பலர் எதிர்வீடியோ போட்டார்கள், ஒருவர் நிஜமாகவே நீள ஒயரை இழுத்து அளந்தே காட்டினார், முல்லரும் மறுபடி ஒரு வீடியோ போட்டு விளக்கினார். அந்த மூன்று நாலு வீடியோவையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு வருஷப் பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம். அதனால் எந்த வீடியோ பிடித்தாலும், அதற்கு யாராவது மறுப்புப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை தேடிவிடுங்கள்.

புயல் நேரம்

நவம்பர் வந்தால் கடலூர், புதுச்சேரிக்காரர்களின் போனில் தம்ப்நெயில் எல்லாம் சிவப்பாகிவிடும். "இன்னும் 24 மணி நேரம்... கடலூருக்குப் பேராபத்து" என்று ஒரு பெரிய அம்புக்குறி. தானே புயலை (2011 டிசம்பர் 30) பார்த்த ஊர், பயப்படாமல் என்ன செய்யும்? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் வியூஸ் வாங்குகிறார்கள்.

இங்கே சோதனை சுலபம். வீடியோவில் எத்தனை மணிக்குப் பதிவு செய்தது என்று சொல்கிறார்களா? வானிலை ஆய்வு மையத்தின் எந்த அறிக்கையை வைத்துப் பேசுகிறார்கள் என்று காட்டுகிறார்களா? பாதையை ஒற்றைக் கோடாகப் போடுகிறார்களா, போகப்போக அகலமாகும் கூம்பாகப் போடுகிறார்களா? கூம்புதான் நேர்மையான படம். நாள் தள்ளத் தள்ளக் கணிப்பில் சந்தேகம் கூடும் என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது.

கணிப்பு மாறினால் "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று திட்டுவது நம்ம ஊர் வழக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது, இது புயலாக வலுப்பெறாமல் போகலாம் என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள், மறுபடி புயலாகும் என்றார்கள், ஆனது, நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. புது அளவீடு வந்ததும் கணிப்பை மாற்றியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அந்த நாலு நாளும் ஒரே பல்லவி பாடிவிட்டு, கடைசியில் "நான் அப்பவே சொன்னேன்" என்றவர்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். அவர்கள் எல்லாப் புயலுக்கும் அதையேதான் சொல்கிறார்கள், போன வருஷ வீடியோக்களைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, பழைய வெள்ளக் காட்சிகளும் புதியது போலச் சுற்றின. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே காட்சி மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு ஊர்ப் பெயரில் வந்திருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

வானத்தை வைத்தும் சோதிக்கலாம்

ஒவ்வொரு ஜூலையும் வாட்ஸ்அப்பில் ஒன்று வரும்: பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறது, ஆகஸ்ட் வரை குளிரும், சளி பிடிக்கும், உடம்பு வலிக்கும், வெளியே போகாதீர்கள். இப்போது அதையே வீடியோவாகவும் எடுத்துவிட்டார்கள். பூமி ஜூலை ஆரம்பத்தில் சூரியனிலிருந்து சுமார் 15.2 கோடி கி.மீ., ஜனவரி ஆரம்பத்தில் சுமார் 14.7 கோடி கி.மீ. இது வருஷா வருஷம் நடப்பது, வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுதான். தூரம்தான் குளிருக்குக் காரணம் என்றால், ஜனவரியில் டெல்லியில் ஏன் நடுங்குகிறார்கள்? ஜூலை மத்தியானம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நின்று அந்த வீடியோவைப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை.

இதைவிட எனக்குப் பிடித்தது நிழலில்லா நாள். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏப்ரல் 21ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 21ஐ ஒட்டி ஒரு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வரும். "வருஷத்தில் ஒரே நாள்" என்று சொன்னால் தப்பு. "தமிழ்நாடு முழுக்க இன்று" என்று சொன்னாலும் தப்பு, கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில். "சரியாகப் பகல் 12 மணிக்கு" என்பதும் இங்கே ஒத்துவராது. நம் கடிகாரம் மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், அதனால் ஏப்ரலில் உச்சி 12.10 வாக்கில்தான். மொட்டை மாடியில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்து 12 மணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால், நிழல் குழாய்க்குள்ளேயே போய் ஒடுங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த வீடியோ எந்த நேரம் சொன்னாலும் அவர்களே திருத்துவார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று: லெ ஜென்டி கதை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்ஸிலிருந்து கிளம்பிய வானியலாளர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் இறங்க முடியாமல், ஆடும் கப்பலிலேயே நின்று பார்த்தார், அளவு எடுக்க வழியில்லை. எட்டு வருஷம் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கக் கடல்களிலேயே திரிந்து, 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே தயாராக உட்கார்ந்தார், அன்று மேகம் மறைத்துவிட்டது. பாவம். இரண்டு தடவையும் மேகம்தான் என்று சொல்லும் வீடியோ இருந்தால், மற்ற விவரங்களையும் கொஞ்சம் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

விண்வெளி வீடியோவில் அடிக்கடி குழப்புவது அசைபடத்தை நிஜக் காட்சியாகக் காட்டுவது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இறங்கியபோது நேரலையில் நாம் பார்த்தது, வரும் தரவுகளை வைத்து ஓடிய வரைபடமும் அசைபடமும். லேண்டரின் கேமரா எடுத்த காட்சியை இஸ்ரோ அதற்குப் பிறகுதான் வெளியிட்டது. எது எது என்று திரையிலேயே எழுதிக் காட்டுபவர் நல்லவர். அதே போல "நிலவின் தென் துருவத்தில் இறங்கியது" என்பதையும் பாருங்கள். இறங்கிய இடம் தெற்கே 69 பாகையில், துருவம் 90இல், நடுவே 600 கி.மீ.க்கு மேல். "தென் துருவப் பகுதி", "துருவத்துக்கு அருகே" என்று சொன்னால் சரி. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதால் இந்த விஷயத்தில் எங்கள் பிள்ளைகள் ரொம்பக் கறார்.

கடைசியில் எதையாவது விற்கிறார்களா?

வீடியோவைப் பார்ப்பதற்கு முன்னால் கடைசி ஒரு நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒரு பொருள், ஒரு கோர்ஸ், ஒரு மூலிகைப் பொடி இருந்தால், முன்னால் சொன்ன அறிவியல் எல்லாம் அதை நோக்கித்தான் நகர்ந்திருக்கும்.

நம் பக்கம் ரொம்ப ஓடுவது தண்ணீர் சோதனை. நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர்களில் இது நன்றாக விலைபோகும். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஆர்ஓ தண்ணீர். இரும்புக் கம்பி உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பழுப்பாகி, சேறு போல மிதக்கும், பார்க்கவே குமட்டும். ஆர்ஓ தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். "இதைத்தான் உங்கள் குழந்தை குடிக்கிறது" என்பார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பி அரிக்கும், துரு மிதக்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். அவர்களுடைய கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, அதைத் தொட்டு விளையாட வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு இரும்பு ஆணியும் இருந்தால் போதும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நல்லதா என்று தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. டம்ளரின் நிறம் எதையும் சொல்லாது.

மருத்துவ வீடியோவை நான் வகுப்பில் காட்டுவதே இல்லை. நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துக்கொள்வீர்கள் என்று ஒன்று பல வருஷமாகச் சுற்றுகிறது. அதை நம்பி இருமிக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஜிப்மரில் டாக்டர் சொன்ன நோயின் பெயர் என்னவென்று புரிந்துகொள்ள வீடியோ உதவும், மருந்தை நிறுத்துவதா கூட்டுவதா என்பதற்கு உதவாது.

நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தால் உஷார்

முன்னால் சொன்ன முல்லர், சேனல் ஆரம்பிப்பதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வீடியோக்களைப் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கினார். மாணவர்களுக்கு வழவழவென்று தெளிவாக விளக்கும் வீடியோ ஒன்றைக் காட்டினார். தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் கிட்டத்தட்ட நகரவே இல்லை. ஏற்கெனவே மனதில் இருந்த தப்பான கருத்தையே வீடியோவும் சொன்னதாக நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வகையில், அந்தத் தப்பான கருத்தை முதலில் எடுத்து வைத்து, அது ஏன் தப்பு என்று பேசிய வீடியோ. கொஞ்சம் குழப்பமாக இருந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் நன்றாக ஏறியது.

இதை வைத்து நான் வீடியோ பொறுக்கும் முறையே மாறியது. "பெரும்பாலானோர் இப்படி நினைப்பார்கள், ஏன் அது சரியில்லை என்று பார்ப்போம்" என்று ஆரம்பிக்கும் வீடியோ கிடைத்தால் உடனே எடுத்து வைத்துக்கொள்கிறேன். வகுப்பில் போடும்போது நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்கிறேன். பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கச் சொல்கிறேன். முடியவில்லை என்றால் அந்த வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அவனுக்கு வேலை செய்யவில்லை. ஷார்ட்ஸில் இது ஒன்றுமே நடக்காது, அந்தக் கொஞ்ச நேரத்தில் யோசிக்க இடம் எங்கே?

தேடும்போது

சமச்சீர் புத்தகத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லைப் போட்டு ஒரு தடவை, ஊரில் வழங்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒரு தடவை தேடுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு வீடியோ வரும். "செய்முறை", "விரிவுரை" என்று கூடச் சேர்த்தால் கத்துகிற கூட்டம் பாதி கழிந்துவிடும். வடிகட்டியில் 20 நிமிஷத்துக்கு மேல் என்று வைத்தால் இன்னும் கொஞ்சம் கழியும். வீடியோவுக்குக் கீழே விவரத்தை விரித்துப் பாருங்கள். எந்த ஆய்வு, எந்த நிறுவனம் என்று பெயரோடு இருக்கிறதா, அல்லது டெலிகிராம் லிங்க்கும் தள்ளுபடிக் கூப்பனும் மட்டும்தானா? கொடுத்த ஆதாரத்தில் ஒன்றையாவது திறந்து பாருங்கள், பல நேரம் அது வேறு எதையோ சொல்லும். செயற்கையாக உருவாக்கிய காட்சி என்றால் அங்கே குறிப்பு இருக்க வேண்டும் என்று யூடியூப் 2024இல் கொண்டுவந்தது. ஆனால் அதைப் போடுவது பெரும்பாலும் வீடியோ எடுத்தவர் கையில், குறிப்பு இல்லை என்பதற்காக நிஜம் என்று ஆகாது. இயந்திரக் குரல் படிக்கும் வீடியோவில் காதை வைத்தே பிடித்துவிடலாம். திருப்பாதிரிப்புலியூரை எந்த மனுஷரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

டிஸ்லைக் எண்ணிக்கையை 2021இலேயே மறைத்துவிட்டார்கள், அதனால் கமெண்ட்டைப் பாருங்கள். பாராட்டை விடுங்கள், யாராவது ஒரு தப்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்களா, சேனல்காரர் அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்பதுதான் விஷயம். ஜெர்மனியின் குர்ட்ஸ்கெசாக்ட் சேனல் 2019இல் தங்கள் பழைய வீடியோக்கள் இரண்டு தரமாக இல்லை என்று அவர்களே சொல்லி நீக்கினார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆதாரப் பட்டியலும் வைக்கிறார்கள்.

சரி, பெயர்கள்

பாடத்துக்கு என்றால் தமிழக அரசின் கல்வி தொலைக்காட்சி, 2019இல் வந்தது, புத்தகத்தை ஒட்டியே போகும். கொஞ்சம் தூக்கம் வரும், ஆனால் உளறல் இருக்காது. கையால் செய்து பார்க்க அரவிந்த் குப்தாவின் வீடியோக்கள். குப்பையில் கிடக்கும் தீப்பெட்டி, ஸ்ட்ரா, சைக்கிள் டியூப் வால்வு இவற்றிலேயே பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தருவார், தமிழ்க் குரலிலும் உண்டு, 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். எங்கள் வகுப்பில் அதிகம் ஓடுவது இதுதான். தமிழில் பொறியியலுக்கு எல்எம்ஈஎஸ், பொது அறிவியலுக்கு மிஸ்டர் ஜிகே என்று பிள்ளைகளே பார்க்கிறார்கள். பாருங்கள், ஆனால் மேலே சொன்ன சோதனை அவர்களுக்கும் உண்டு. தனிமங்களுக்கு இங்கிலாந்து நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பீரியாடிக் வீடியோஸ், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வீடியோ. கணக்குக்கு த்ரீ புளூ ஒன் பிரவுன், பன்னிரண்டாவதுக்கு மேல் என்றால் அதற்கு ஈடு கிடையாது. ஆய்வாளர்கள் நேரடியாகப் பொதுமக்களிடம் பேசுவதைக் கேட்க மும்பை டிஐஎஃப்ஆர் ஆய்வு நிறுவனம் நடத்தும் சாய் அண்ட் வொய், பெங்களூரு ஐசிடிஎஸ் ஆய்வு மையம் நடத்தும் காப்பி வித் குரியாசிட்டி. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐஐடி பேராசிரியர்களின் பாட வீடியோக்கள் உள்ள என்பிடெல். வீடியோ இல்லாவிட்டாலும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இணையதளத்தைச் சொல்லாமல் விட முடியாது. மின்சுற்று, ஊசல் எல்லாவற்றையும் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வீடியோவில் சொன்னது சரியா என்று அங்கே ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

ஒரே கணக்கில் வீட்டில் எல்லோரும் பார்த்தால், அப்பா பார்த்த ஜோதிட வீடியோ பிள்ளையின் பரிந்துரையில் வந்து நிற்கும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு வையுங்கள், தானாக அடுத்தது ஓடுவதை அணைத்துவிடுங்கள், கண்ட சேனல் வந்தால் இதைப் பரிந்துரைக்காதே என்பதைத் தயங்காமல் தட்டுங்கள். பொறுக்கியதை பிளேலிஸ்ட்டாகச் சேர்த்து வையுங்கள்.

எவ்வளவு சோதித்தாலும் சில சந்தேகம் தீராது. அப்போது ஆளைத்தான் கேட்க வேண்டும். பள்ளி அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள், அவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் சந்தோஷம்தான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கிறது. புதுவை அறிவியல் இயக்கத்துக்காரர்கள் நிழலில்லா நாள், கிரகணம் என்றால் தெருவிலேயே கருவியோடு நிற்பார்கள், துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழுக்கும் பிள்ளைகள் கேள்வி எழுதலாம். போகும்போது வீடியோ லிங்க்கோடு எத்தனையாவது நிமிஷத்தில் சந்தேகம் என்பதையும் ஒரு தாளில் குறித்து எடுத்துப்போங்கள், முழு வீடியோவையும் போட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.